‘பெரிய வண்டி’ என்று மட்டும் எழுதித் தந்தால் நம்ப வேண்டாம்: வீடு மாற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ரூ.14,500. பேசி முடித்த வாடகைக்கு மேலாக, வீட்டுச் சாமான்களில் பாதி வண்டியிலும் பாதி தெருவிலும் கிடந்த நிலையில் என்னிடமிருந்து கறக்கப்பட்ட தொகை இது. பணம் போய் இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. எவ்வளவு பெரிய வண்டி தேவை என்று கணக்கிட்டு, அந்த அளவை அடிக்கணக்கில் சொல்லிக் கேட்டு, அதற்குரிய வாடகைக்கும் ஒப்புக்கொண்ட ஒரு வீட்டிலேயே இப்படி நடக்கிறதென்றால், ‘ரெண்டு பெட்ரூம் வீடு, ஒரு வண்டி அனுப்புங்க’ என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு இருப்பவர்களின் நிலையை நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. எந்த வீட்டுக்கு எந்த வண்டி என்பதை விளக்கமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்; எரிச்சலில் எவ்வளவு தூரம் முடிகிறதோ தெரியவில்லை.

குரோம்பேட்டையில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டிலிருந்து, பணியிட மாற்றம் காரணமாக மதுரைக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. உள்ளூருக்குள் வீடு மாற்றுவதற்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. குரோம்பேட்டையிலிருந்து மேடவாக்கத்துக்குப் போகிறவர், வண்டி சிறியதாகப் போய்விட்டால் இரண்டாவது நடை அடித்துக்கொள்ளலாம். நானூற்றைம்பது கிலோமீட்டருக்கு அந்தப் பேச்சே இல்லை. ஏற்றியது ஏற்றியதுதான், மிஞ்சியது தெருவில்தான்.

தெருமுனையில் வாடகைக்கு நிற்கும் குட்டி யானைதான் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். டாடா ஏஸ் 2005-இல் சந்தைக்கு வந்ததிலிருந்து சிறு சாமான் ஏற்றுவதென்றால் அதுதான் என்றாகிவிட்டது. அதன் தளம் ஏறக்குறைய 7 அடி நீளமும் 5 அடிக்குச் சற்றுக் குறைவான அகலமும் கொண்டது. ஐந்தடி அகல மெத்தையை அதில் சரியாகப் படுக்க வைக்க இயலாது, பக்கவாட்டில் நிறுத்தித்தான் கட்ட வேண்டும். அடுத்த படியில் தோஸ்த், பொலேரோ பிக்கப் போன்றவை, எட்டு ஒன்பது அடி நீளத்தில். அதற்கு மேல் டாடா 407 வகைச் சிறு லாரிகள், அதற்கும் மேல் 14 அடி, 17 அடி என்று நீளத்தையே பெயராகச் சொல்லி அழைக்கப்படும் ஐச்சர் போன்ற வண்டிகள். வண்டிக்காரர்கள் டன் கணக்கில் பேசுவார்கள். வீட்டுச் சாமானைப் பொறுத்தவரை அது நமக்கு உதவாத கணக்கு. நெல் மூட்டையும் சிமென்ட்டும் ஏற்றும்போது எடை முதலில் எல்லையைத் தொடும். சோபாவும் கட்டிலும் அட்டைப் பெட்டியும் ஏற்றும்போது இடம்தான் முதலில் தீரும்.

எனவே கன அடியில், அதாவது ஒவ்வொன்றின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கிக் கணக்கிட்டேன். ஆறரை அடி உயர இரும்பு பீரோ சுமார் 30 கன அடி, ஃபிரிட்ஜ் 26, சலவை இயந்திரம் 12, மூவர் அமரும் சோபா 58, இரண்டு மெத்தைகள் 32, கழற்றிய கட்டில்கள் 30, சாப்பாட்டு மேசையும் நாற்காலிகளும் 40, ஸ்கூட்டர் 50, ஒன்றரை அடிச் சதுரமான அட்டைப் பெட்டிகள் முப்பதுக்கு ஏறக்குறைய 100. கூட்டினால் 380 கன அடிக்குச் சற்றுக் குறைவு. பொருள்களுக்கு இடையே வீணாகும் இடத்துக்காக ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 455 வரும். 14 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம் கொண்ட மூடிய வண்டியின் கொள்ளளவு 504 கன அடி. ஆகவே 14 அடி வண்டி போதும், அதற்குக் குறைந்தது எதுவும் போதாது என்பதில் எனக்கு எந்த ஐயமும் இருக்கவில்லை.

இந்தக் கணக்கோடுதான், வீடு மாற்றுகிறவர்களுக்கு வண்டியும் ஆட்களும் ஏற்பாடு செய்து தரும் ஓர் இணையதளத்தில் பதிவு செய்தேன். பெயரை எழுதப் போவதில்லை. இந்த வகையில் இருப்பவை எல்லாம் ஏறத்தாழ ஒரே முகத்தோடுதான் இருக்கின்றன. பதிவு செய்த மறுநாள் ‘சர்வே’ செய்வதற்கென்று ஓர் இளைஞர் வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார், என் தாயாரை ‘அம்மா’ என்று அழைத்தார், கொடுத்த காப்பியைக் குடித்தார். அதெல்லாம் யாரும் செய்வார்கள். நான் நம்பியது வேறொன்றினால். அவர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, ஃபிரிட்ஜையும் பீரோவையும் சோபாவையும் ஒவ்வொன்றாக அளந்து, தாளில் குறித்துக்கொண்டார். என் கணக்கை நான் காட்டியபோது அதை முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு, “சார், இவ்ளோ கரெக்டா யாரும் போட்டுக் குடுத்ததே இல்ல. உங்களுக்குப் பதினாலு அடி கன்டெய்னர்தான், வேற எதுவும் செட் ஆகாது” என்றார். என் வாயிலிருந்து வர வேண்டிய முடிவை அவரே சொல்லிவிட்டதால் பேரம் பேசவும் தோன்றவில்லை. ஏற்றிக் கட்டி இறக்குவது உட்பட ரூ.24,000 என்று முடிவாகி, அங்கேயே ரூ.6,000 முன்பணம் கட்டினேன். அளந்து பார்க்கிற ஒருவன் ஏமாற்ற மாட்டான் என்ற எண்ணம் நம் ஊரில் துணிக்கடையிலிருந்து நிலம் வாங்குவது வரை இருக்கிறது. அந்த நாடா அதற்காகவே கொண்டுவரப்பட்டது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

அன்று மாலை கைப்பேசிக்கு வந்த உறுதிச் செய்தியில் என் பெயரும் தேதியும் தொகையும் சரியாக இருந்தன. வண்டியின் அளவு என்ற இடத்தில் மட்டும் ‘பெரியது’ என்று இருந்தது. உடனே தொலைபேசியில் அழைத்து, 14 அடி என்று எழுதித் தருமாறு கேட்டேன். தங்கள் தளத்தில் சிறியது, நடுத்தரம், பெரியது என்ற மூன்றுதான் தேர்வு செய்ய முடியும் என்றும், ‘பெரியது’ என்றால் 14 அடிதான் என்றும், உள்குறிப்பில் அதைச் சேர்த்துவிட்டதாகவும் பதில் வந்தது. அந்த உள்குறிப்பை எனக்குக் காட்ட முடியுமா என்றதற்கு, “அது எங்க டீமுக்கு மட்டும் தெரியும் சார்” என்றார்கள்.

குடிபெயரும் நாளன்று காலை ஏழு மணிக்கு வர வேண்டிய வண்டி பத்தரைக்கு வந்தது. வந்தது ஒரு திறந்த பிக்கப். என் நாடாவைக் கொண்டு அளந்தேன்: 9 அடி நீளம், ஐந்தரை அடி அகலம். ஆறடி உயரத்துக்குக் கயிறு போட்டுக் கட்டினாலும் 300 கன அடியைத் தாண்டாது. இணையதளக்காரர்களை அழைத்தபோது, 14 அடி வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது என்றும், தங்கள் ஆட்கள் அனுபவசாலிகள், இதிலேயே அழகாக அடுக்கிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். வேறு வண்டி அனுப்புங்கள் என்றால் இரண்டு நாள் ஆகும் என்றார்கள். வீட்டுக்காரரிடம் அன்று மாலை சாவி ஒப்படைத்தாக வேண்டும். மறுநாள் காலை அடுத்த குடித்தனக்காரர் பால் காய்ச்சுவதாக இருந்தது. இந்த விவரம் சர்வே தாளில் ‘சாவி தரும் நாள்’ என்ற கட்டத்தில் எழுதப்பட்டிருந்தது என்பதையும் வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

நான் தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருந்தபோதே லோடுமேன்கள் மூன்றாவது மாடியிலிருந்து இறக்கத் தொடங்கிவிட்டார்கள். பீரோ, ஃபிரிட்ஜ், சலவை இயந்திரம், கட்டில்கள், மெத்தைகள், பெட்டிகள் என்று விலையுள்ளவை அனைத்தும் முதலில் வண்டியில் ஏறின. சோபா, சாப்பாட்டு மேசை, ஸ்கூட்டர் ஆகியவை தெருவில் நின்றன. வண்டி நிறைந்துவிட்டதென்று தார்ப்பாயைப் போட்டுக் கட்டிய பிறகுதான் மேஸ்திரி வாயைத் திறந்தார். இதற்கு மேல் ஏற்றினால் ஓவர்லோடு, பிடித்தால் இருபதாயிரம் அபராதம், யார் கட்டுவது என்று கேட்டார். அந்த அபராதம் உண்மைதான். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அளவுக்கு மீறிய பாரத்துக்கு ரூ.20,000-மும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் விதிக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் பேசுவது எடையைப் பற்றி. ஒரு டன்னுக்கு மேல் தாங்கும் வண்டியில் அப்போது ஏறியிருந்தது முக்கால் டன்கூட இருக்காது. எடையைப் பற்றிய சட்டத்தைக் காட்டி இடப் பற்றாக்குறையை என் தலையில் கட்டினார்கள்.

மீதிச் சாமானுக்கு இன்னொரு வண்டி வேண்டும், மதுரை வரை ரூ.14,500 ஆகும் என்றார் மேஸ்திரி. 14 அடி வண்டிக்குத்தானே பணம் வாங்கினீர்கள் என்று கேட்டால், அது ஆபீஸ் விவகாரம், எங்களுக்குத் தெரியாது என்றார். ஏற்றியதை இறக்கிவிடுங்கள் என்றதற்கு, இறக்குக் கூலி தனி என்றும், முன்பணம் திரும்பாது என்றும் பதில் வந்தது. நடுவெயிலில் என் தாயார் தெருவில் கிடந்த அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார். தளத்துக்கான கட்டணப் பக்கம் வழியாகச் செலுத்துகிறேன் என்றேன். அதில் செலுத்தினால் இரண்டாவது வண்டி வராது, இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்று ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணைக் காட்டினார். ரூ.14,500 அந்த எண்ணுக்குத்தான் போனது. பணம் சென்ற பதினைந்து நிமிடத்தில் ஒரு குட்டி யானை வந்து நின்றது. இரண்டு நாளாகும் என்று சொன்ன ஊரில், பக்கத்துத் தெருவிலேயே அது காத்திருந்திருக்க வேண்டும்.

மதுரை போய்ச் சேர்ந்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாப்பாட்டு மேசையின் ஒரு கால் முறிந்திருந்தது. அதற்காக யாரிடமும் மன்றாடவும் எனக்குத் தெம்பில்லை.

ஆனால் ரூ.14,500-க்காக மன்றாடினேன். முதலில் பேசியவர், புகார் எண் ஒன்றைக் கொடுத்து, நாளை மாலைக்குள் மேலாளர் அழைப்பார் என்றார். யாரும் அழைக்கவில்லை. நானே அழைத்தபோது, அந்தப் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டுவிட்டதாகவும், புதிதாகப் பதிய வேண்டும் என்றும் தெரிந்தது. அடுத்து வந்தவர், தாங்கள் இணைத்துவிடும் தளம் மட்டுமே என்றும், வண்டிக்காரரும் வாடிக்கையாளரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இணைத்துவிடுவதற்குத்தான் முன்பணத்தை நீங்கள் வாங்கினீர்களா என்ற கேள்விக்கு, “உங்க ஃபீட்பேக்கை நோட் பண்ணிக்கிறேன் சார்” என்ற பதில்தான். கடைசியாக மின்னஞ்சலில் எழுத்து வடிவில் ஒரு பதில் கிடைத்தது. தங்கள் பதிவேட்டில் ‘பெரிய வண்டி’ என்றுதான் இருக்கிறது, அன்றைய தினம் அப்பகுதியில் கிடைத்தவற்றுள் பிக்கப்பே பெரிய வண்டி, எனவே சேவையில் குறைபாடில்லை, ரூ.14,500 தங்கள் தளத்துக்கு வெளியே தனிநபருக்கு அளிக்கப்பட்டது, எனவே அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல. தளத்துக்குள் செலுத்த விடாமல் தடுத்ததும் அவர்கள் ஆள்; வெளியே செலுத்தியதால் பொறுப்பில்லை என்பதும் அவர்களே. சர்வேக்கு வந்த இளைஞரின் எண்ணுக்கு அழைத்தால் மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை. வேறொரு எண்ணிலிருந்து அழைத்தபோது எடுத்தார். என் குரலைக் கேட்டதும், “ராங் நம்பர்” என்று வைத்துவிட்டார்.

இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, இத்தகைய தளங்கள் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அந்தத் தளத்தில் தேடிப் பார்த்தேன். அலுவலர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அதே வாடிக்கையாளர் சேவை எண்தான் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவதாக இருக்கிறேன். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

எந்த வீட்டுக்கு எந்த வண்டி என்று விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. சாமானைக் கன அடியில் கணக்கிட்டு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். வண்டித் தளத்தின் உள்நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் அடியில் எழுதி, வண்டியின் பதிவெண்ணோடு முதல் நாளே அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள். சாவி ஒப்படைக்கும் நாளை யாரிடமும் சொல்லாதீர்கள். வந்த வண்டியை அளந்து முடிக்கும் வரை ஒரு பெட்டியைக்கூட ஏற்ற விடாதீர்கள். விலையுள்ளதைக் கடைசியில் ஏற்றுங்கள். தனிநபரின் எண்ணுக்குப் பணம் அனுப்பும் கட்டாயம் வந்தால், அனுப்பும் முன் அவர் கேட்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இணையதளமே வேண்டாம். உங்கள் பகுதி வண்டி நிறுத்தத்துக்கு நேரில் போய், வண்டியைக் கண்ணால் பார்த்து, ஓட்டுநரிடமே பேசுங்கள்.