பத்மினிக்குப் பழைய பம்ப்பா, மின்சார பம்ப்பா?

மும்பை மாட்டுங்காவில் பல வருடம் சும்மா நின்ற அப்பாவின் பிரீமியர் பத்மினி காரை மறுபடி ஓட்ட நினைத்தபோது, முதலில் வந்த கேள்வி ஃபியூயல் பம்ப்பைப் பற்றித்தான்.

பழைய பம்ப்பை எஞ்சினின் கேம் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு இயக்குகிறது. உள்ளே டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு மேலும் கீழும் அசைந்து டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து, அதைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு அனுப்பும். டயஃப்ரமையும் வால்வையும் மாற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும். இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். ஆனால் எஞ்சினை ஒட்டியே இருப்பதால், மே மாத சயான் நெரிசலில் சூடேறி, பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடலாம். நாள்கணக்கில் நிறுத்திய வண்டியை எடுக்க ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்கவும் வேண்டும்.

மின்சார பம்ப்பை டேங்க் பக்கம் பொருத்தினால் இரண்டு தொல்லையும் குறையும். சரி, எந்த பம்ப்? கார்புரேட்டருக்கு 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். கார்புரேட்டர் இல்லாமல், அதிக அழுத்தத்தில் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப்பை மாட்டினால், அழுத்தம் கார்புரேட்டரில் பெட்ரோலைத் தடுக்கும் ஊசி வால்வைத் தள்ளி பெட்ரோல் வழியும், தீ ஆபத்து. எஞ்சின் நின்றாலும் மின்சார பம்ப் ஓடிக்கொண்டே இருக்கலாம் என்பதால், வண்டி மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் பொருத்தவே கூடாது.

எதை எடுத்தாலும், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். டேங்கின் துருவைக் கழுவி, ஹோஸை மாற்றி, ஃபில்டர் போட்ட பிறகுதான் பம்ப்.

ஞாயிறு மட்டும் ஓடும் அப்பாவின் வண்டிக்குப் பழைய பம்ப்பையே சரிசெய்தேன். தினமும் நெரிசலில் ஓட்டுபவருக்கு மின்சார பம்ப்பைத்தான் சொல்வேன்.