நகல் எடுத்துப் பழகுவதா, சொந்தமாகப் பாட்டுப் போடுவதா?

வேலை முடிந்து கிட்டாரை மடியில் வைக்கும்போது மணி ஒன்பது ஆகிவிடுகிறது. தூக்கம் வருவதற்குள் மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். தப்பைத் திருத்த குரு இல்லை, பாட்டு எங்கே என்று கேட்கத் தயாரிப்பாளரும் இல்லை. தனியாக இசை செய்பவருக்கு இந்தச் சுதந்திரமே தலைவலி. அந்த ஒன்றரை மணி நேரத்தை எதில் போடுவது? பத்து வருடமாக எல்லாப் பக்கமும் தாவிப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தினமும் கொஞ்சமா, வார இறுதியில் மொத்தமாகவா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. தினமும் கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்றாவது மணியிலேயே காது மரத்துவிடும். அப்புறம் கை பழகுவது தப்பைத்தான். 10,000 மணி நேரம் பழகினால்தான் தேர்ச்சி என்ற கணக்கைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், பெர்லினில் வயலின் படித்த மாணவர்களில் மிகச் சிறந்த பிரிவினர் 20 வயதுக்குள் தனியாகப் பழகிய நேரத்தின் சராசரி அது. சராசரி என்றால் அதற்குக் குறைவாகப் பழகியவர்களும் அதே பிரிவில் இருந்தார்கள் என்று அர்த்தம். அந்தப் பிரிவினர் இடைவெளி விட்டுத்தான் பழகினார்கள், பகலில் குட்டித் தூக்கமும் போட்டார்கள். இந்தத் தகவலை மட்டும் யாரும் பரப்புவதில்லை.

அடுத்தது, ஒரே பகுதியைத் தேயத் தேய வாசிப்பதா, மூன்று நான்கை மாற்றி மாற்றி எடுப்பதா என்பது. முதலாவது சுகமாக இருக்கும். இருபதாவது தடவை வழுக்கிக்கொண்டு வரும்; 'வந்துவிட்டது' என்று எழுந்துவிடுவோம். மறுநாள் பார்த்தால் பாதி காணோம். 1979-ல் ஷே, மார்கன் என்ற இருவர் கை அசைவுகளை வைத்துச் செய்த சோதனை இதைத்தான் காட்டியது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது வேகமாக இருந்தார்கள். கலந்து பழகியவர்கள் பத்து நாள் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். கலந்து பழகும்போது ஒவ்வொரு தடவையும் மூளை முதலிலிருந்து தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பாட்டை மாற்றுகிறேன். 'இன்று ஒன்றுமே வரவில்லை' என்ற எரிச்சலோடுதான் எழுந்திருப்பேன். புத்தம் புதிய ஸ்வரக் கோர்வைக்கு மட்டும் விதிவிலக்கு. விரல் எங்கே போக வேண்டும் என்று தெரியும்வரை அதையே பிடித்துக்கொள்வதுதான் சரி.

சரி, பெரிய சண்டைக்கு வருவோம்: அடுத்தவர் இசையை நகல் எடுப்பதா, சொந்தப் பாட்டா?

சொந்தப் பாட்டு கட்சியின் வாதம் எளிது: உன் குரல் வேண்டுமென்றால் உன் பாட்டைப் பாடு. இதில் பாதி உண்மை. ஒரு பாட்டை ஆரம்பித்து முடிப்பது தனித் திறமை. எத்தனை வருடம் சாதகம் செய்தாலும் அது தானாக வராது. ஆனால் என் முதல் பன்னிரண்டு பாட்டுகளை வரிசையாகக் கேட்டபோது ஒன்பது ஒரே சுருதியில் இருந்தன, அதே நான்கு கார்டுகளோடு (சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டுகள்). அதை என் பாணி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் என் விரலுக்கு அவ்வளவுதான் தெரியும்.

நகல் கட்சிக்குச் சாட்சி ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர். 1937 கோடையில், 17 வயது நிறைவதற்கு முன், மூத்த சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அவருடைய வாசிப்பை அப்படியே மனப்பாடம் செய்தார். பின்னாளில் பார்க்கரை யாரும் யங்கின் நகல் என்று சொல்லவில்லை. எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரே பாடகரை ஐந்து மாதம் நகல் எடுத்துவிட்டு என் பாட்டு ஒன்றை நண்பனுக்குப் போட்டுக் காட்டினேன். "அவர் பாடினதா? இதை நான் கேட்டதே இல்லையேடா" என்றான். அவன் பாராட்டாகத்தான் சொன்னான்.

அதற்கப்புறமும் நான் நகலை விடவில்லை, ஆளை மாற்றினேன். ஒருவரிடம் தாளம், இன்னொருவரிடம் சொல்லை நிறுத்தும் இடம், மூன்றாமவர் ஒரு வாத்தியக்காரர். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் கர்நாடக இசைப் பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் குரலில் இறங்கியதை யோசித்துப் பாருங்கள். நாகஸ்வரத்தில் வருவது தொண்டையில் அப்படியே வர முடியாது. வழியில் மாறித்தான் ஆக வேண்டும்.

எனக்கும் அப்படி ஒன்று நடந்தது. வில்லால் வாசிக்கும் சாரங்கியின் பதிவு ஒன்றில் மேல் ஸ்வரத்திலிருந்து வழிந்து இறங்கும் ஓர் இடம். வேகத்தைப் பாதியாக்கிக் கேட்டேன். கிட்டாரில் மோதிர விரல் கம்பியில் சறுக்கி இரண்டாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் உள்ள உலோகக் கட்டு) வருவதற்குள் ஓசை செத்துவிடும். மூன்று வாரம் முட்டி மோதிவிட்டு, சறுக்கலைப் பாதியில் விட்டு, ஒரு கண மௌனம் வைத்து, கீழ் ஸ்வரத்தைத் தனியாகத் தட்டினேன். அந்த மௌனம் அப்புறம் என் மூன்று பாட்டுகளில் தானாக வந்து உட்கார்ந்தது. அதே நண்பன் இப்போது அதை வைத்துத்தான் என் வாசிப்பை அடையாளம் சொல்கிறான். அதனால் என் ஓட்டு நகலுக்கே, ஒருவரோடு நிறுத்தாத வரை.

வெளியே தெரியாமல் பழகுவதா, அடிக்கடி வெளியிடுவதா என்பதை நீட்ட வேண்டியதில்லை. சாக்ஸபோன் கலைஞர் சானி ரோலின்ஸ் 1959-லிருந்து 1961 வரை மேடையை விட்டு ஒதுங்கி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் நின்று பழகினார். அழகான கதைதான். ஆனால் ஒதுங்கும்போதே அவர் பேர் பெற்றவர். நாம் இரண்டு வருடம் காணாமல் போனால் அது யாருக்கும் தெரியப்போவதில்லை. பீட்டில்ஸ் இசைக்குழு 1960-லிருந்து ஜெர்மனியின் ஹாம்பர்கில் முன்பின் தெரியாதவர்கள் முன் இரவு இரவாக வாசித்துப் பழகிய வழிதான் நமக்குத் தோது. ஐந்து பேர் கேட்டாலும் போதும்.

சீராகத் தட்டித் தாளம் காட்டும் மெட்ரோனோமா, நம் வாசிப்பின் ஒலிப்பதிவா என்றால் பதிவு. மெட்ரோனோம் தாளம் ஓடுவதைக் காட்டும், வரி உயிரில்லாமல் கிடப்பதைக் காட்டாது. தவிர, பாடும்போது நம் குரல் எலும்பு வழியாகவும் காதுக்கு வருவதால், மற்றவர்கள் கேட்கும் குரலை நாம் கேட்பதே இல்லை. பதிவு செய்த அன்றே கேட்காமல் மறுநாள் கேட்பது நல்லது.

இப்போது என் ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது நிமிடம் கலப்புப் பயிற்சிக்கு, இருபது நிமிடம் நகலுக்கு, மீதி சொந்தப் பாட்டுக்கு. அந்த மீதியில் பாதி, நேற்றைய பதிவைப் போட்டுக் கேட்கத் தயங்குவதிலேயே போய்விடுகிறது.