டீலர் செய்யாமல் விட்டதும், செய்து கெடுத்ததும்: மூன்று ஆண்டு கார் அனுபவம்

2022 டிசம்பரில் சென்னையில் வாங்கிய சிறிய பெட்ரோல் எஸ்யூவியைப் பற்றிய நீண்ட காலப் பயன்பாட்டுக் குறிப்பு இது. கார் நல்ல கார்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் இதுவரை மக்கர் செய்ததில்லை. மைலேஜிலும் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்தக் காலத்தில் நான் சர்வீஸ் சென்டரின் படி ஏறிய காரணங்களுள் பெரும்பாலானவை தொழிற்சாலையில் உண்டானவை அல்ல. கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததற்கும் சாவி என் கைக்கு வந்ததற்கும் இடைப்பட்ட மாதங்களில், டீலரின் ஸ்டாக்யார்டிலும் (விற்பனைக்கு முன் கார்களை நிறுத்தி வைக்கும் திடல்) பட்டறையிலும் செய்ய வேண்டியதைச் செய்யாமலும் செய்யக் கூடாததைச் செய்தும் உண்டாக்கப்பட்டவை. நிறுவனத்தின் பெயரையோ டீலரின் பெயரையோ எழுதப்போவதில்லை. இவை எந்தப் பெயர்ப்பலகையின் கீழும் நடக்கக் கூடியவை.

தொழிற்சாலையிலிருந்து வரும் கார் அப்படியே ஓட்டுவதற்குரிய நிலையில் இருப்பதில்லை. டிரெய்லரில் ஏறி இறங்குவதற்கும், திறந்தவெளியில் மாதக்கணக்கில் நிற்பதற்கும் ஏற்றபடி அது அனுப்பப்படுகிறது. நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகிவிடாமலிருக்கக் கூடுதல் காற்று அடைக்கப்பட்டிருக்கும். பேட்டரி வடியாமலிருக்க ஒரு ஃபியூஸ் கழற்றப்பட்டிருக்கும், அல்லது கார் டிரான்ஸ்போர்ட் மோடில் இருக்கும். சில மாடல்களில் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே தற்காலிகத் துண்டுகளும் செருகப்பட்டிருக்கும். இவற்றையெல்லாம் நீக்கி, ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவுகளைப் பார்த்து, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, கொஞ்ச தூரம் ஓட்டியும் பார்த்த பிறகே வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பிடிஐ (ப்ரீ டெலிவரி இன்ஸ்பெக்ஷன்) என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது இதைத்தான். எனக்குத் தரப்பட்ட பிடிஐ படிவத்தில் எல்லாக் கட்டங்களிலும் ஒரே வேகத்தில், ஒரே சாய்வில், ஒரே பேனாவால் டிக் அடிக்கப்பட்டிருந்தது. ஸ்டெப்னியின் காற்றழுத்தத்திற்கு எதிரேயும் டிக்தான் இருந்ததே தவிர, அளவு எழுதப்பட்டிருக்கவில்லை.

முதலில் தெரிந்தது டயர். கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர் 33 பிஎஸ்ஐ என்று சொல்ல, நான்கு டயர்களிலும் 40க்கு மேல் இருந்தது. ஸ்பீடு பிரேக்கர்களில் கார் தூக்கிப் போட்டதற்கு இதுவே காரணம். பெட்ரோல் பங்கில் குறைத்ததும் அது சரியாயிற்று. வேடிக்கை என்னவென்றால், குறைத்த பிறகுதான் டேஷ்போர்டில் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. என் காரில் டயருக்குள் தனி சென்சார் இல்லை. சக்கரங்கள் சுழலும் வேகத்தை ஒப்பிட்டு அழுத்தத்தைக் கணிக்கும் முறைதான் இருக்கிறது. கூடுதல் காற்று இருந்தபோதே யாரோ ரீசெட் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். அதனால் தவறான அளவையே சரியான அளவென்று கார் பதிந்து வைத்திருந்தது. டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் மீண்டும் அளந்து ரீசெட் செய்த பிறகு அந்த விளக்கு திரும்ப எரியவில்லை.

பேட்டரி விஷயம் இவ்வளவு எளிதில் முடியவில்லை. சிக்னலில் நிற்கும்போது எஞ்சினைத் தானாக நிறுத்தும் ஐடில் ஸ்டார்ட் ஸ்டாப் வசதி என் காரில் உண்டு. ஆனால் வாங்கிய நாளிலிருந்தே அது வேலை செய்யவில்லை. ஏசி ஓடும்போது அது இயங்காது சார் என்றார் சர்வீஸ் அட்வைசர். அது முழுப் பொய்யன்று. ஏசிக்கு அதிகக் குளிர்ச்சி தேவைப்படும்போது எஞ்சின் நிற்காது என்று கையேட்டிலும் உள்ளது. ஆனால் ஏசியை அணைத்துவிட்டு மார்கழிக் காலையில் ஓட்டியபோதும் எஞ்சின் ஏன் நிற்கவில்லை என்பதுதான் கேள்வி. அதே கையேட்டில் சில வரிகள் தள்ளி, பேட்டரியில் சார்ஜ் குறைவாக இருந்தாலும் இவ்வசதி இயங்காது என்று இருந்தது. அதை அவர் படித்துக் காட்டவில்லை.

இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தபோது கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சோதனையில் பேட்டரியின் கொள்ளளவே குறைந்துவிட்டது தெரிந்தது. பேட்டரி மீதிருந்த முத்திரையைப் பார்த்தால் 2022 ஏப்ரல்; கார் தயாரான மாதம் மே; என் கைக்கு வந்தது டிசம்பர். இடைப்பட்ட மாதங்களில் கார் ஸ்டாக்யார்டில் நின்றிருக்கிறது. கார்களை அடிக்கடி நகர்த்த வேண்டியிருப்பதால் ஃபியூஸைக் கழற்றி வைக்கும் பொறுமை அங்கே யாருக்கும் இருப்பதில்லை என்றும், பேட்டரி இறங்கிவிட்டால் வேறொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்துகொள்வார்கள் என்றும் அங்கிருந்த டெக்னீஷியன் ஒருவர் மறைக்காமல் சொன்னார். நல்ல நிலையில் முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். வடிந்த நிலையிலேயே நெடுநாள் கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் படிந்துவிடுகிறது. பின்பு எவ்வளவு தூரம் ஓட்டினாலும் இழந்த கொள்ளளவு முழுதாகத் திரும்புவதில்லை. வாரண்டிக் காலம் முடியாததால் மாற்றிக் கொடுத்தார்கள். புது பேட்டரி பொருத்திய சில நாட்களிலேயே, ஏசி ஓடிக்கொண்டிருக்கையிலும், சிக்னலில் எஞ்சின் தானாக நின்றது.

செய்யாமல் விட்டவற்றைவிட, ஆக்சசரீஸ் என்ற பெயரில் செய்தவையே எனக்கு அதிகச் செலவு வைத்தன. சீட் கவரை முதல் மாதத்திலேயே கழற்றச் சொல்லிவிட்டேன். முன் இருக்கைகளின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள காரில், அது விரியும் இடத்தையே மூடித் தைத்த தடித்த ரெக்சின் உறையைப் போட்டிருந்தார்கள். அசல் தரைவிரிப்பின் மேல் கொக்கியில் மாட்டாமல் இன்னொரு ரப்பர் விரிப்பைப் போட்டிருந்ததையும் எடுத்தாயிற்று. ஆக்சிலரேட்டர் பெடல் விரிப்பில் சிக்கும் அபாயத்தால் 2009இல் அமெரிக்காவில் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது என்பதை நினைத்தால் இது சில்லறை விஷயமாகத் தோன்றாது.

துருப்பிடிக்காமலிருக்க என்று அடித்துக் கொடுத்த அண்டர்பாடி கோட்டிங், அடுத்த வடகிழக்குப் பருவமழையில்தான் தன் வேலையைக் காட்டியது. பிரேக் போடும்போதெல்லாம் கதவுக்குக் கீழே, படிப்பகுதியில், இளநீரை ஆட்டினாற்போலத் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. அந்தப் பகுதிக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்காக அடியில் விடப்பட்டுள்ள சிறு துளைகளின் மேலேயே அந்தக் கறுப்புக் குழம்பை அடித்து மூடியிருந்தார்கள். வெளிக் கடையொன்றின் மெக்கானிக் காரை லிஃப்டில் ஏற்றி, பிளாஸ்டிக் குச்சியால் ஒவ்வொரு துளையாகக் குத்தித் திறந்தபோது வடிந்த தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. துருவைத் தடுக்கப் பணம் வாங்கிக்கொண்டு, துருப்பிடிப்பதற்குத் தோதாக உள்ளே தண்ணீரைத் தேக்கிக் கொடுத்த இந்தச் சேவைக்குத் தனி பில் வேறு இருக்கிறது. மட் ஃபிளாப்பின் கதையும் இதேதான்: வீல் ஆர்ச்சின் தகட்டில் நேரடியாகத் துளையிட்டு ஸ்க்ரூவை முடுக்கியதில் பெயின்ட் உடைந்து, திருவான்மியூர்க் கடற்காற்றில் இரண்டே ஆண்டுகளில் ஸ்க்ரூவைச் சுற்றிச் செம்பழுப்புக் கொப்புளம் எழும்பிவிட்டது.

கடைசியாகத் தெரியவந்ததுதான் இன்னும் தீராமல் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் பாலிஷ் போடுவதற்காகக் கொண்டுபோன கடையில் பெயின்ட்டின் தடிமனை அளந்தார்கள். மற்ற இடங்களிலெல்லாம் 100 மைக்ரானை ஒட்டிக் காட்டிய கருவி, பின்பக்க இடது கதவில் மட்டும் 240ஐத் தாண்டியது. கார் எங்கும் இடித்ததில்லை. இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் இல்லை. தொழிற்சாலையிலேயே சில நேரம் மறுபூச்சு நடப்பதுண்டு என்று டீலர் தரப்பில் பதில் வந்தது. அது உண்மைதான், எனவே தடிமனை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கதவின் ரப்பர் பீடிங்கின் ஓரத்தில் பெயின்ட் தூசி படிந்திருக்கிறது. டேப் ஒட்டி மறைத்த கோடும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. அதாவது, கதவு முழுதாகப் பொருத்தப்பட்ட பிறகு அடித்த பெயின்ட் அது. டிரெய்லரிலோ ஸ்டாக்யார்டிலோ பட்ட கீறலைச் சொல்லாமல் சரிசெய்து விற்றிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. மின்னஞ்சலில் எழுதிக் கேட்டதற்கு இலவச செராமிக் கோட்டிங் தருவதாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். அந்தக் கதவின் சர்வீஸ் பதிவை மட்டும் இன்றுவரை தரவில்லை.

இந்தக் குறைகளுள் எதுவும் டெலிவரி நாளில் கண்ணில் படக் கூடியதன்று. அன்று ரிப்பன், கேக், அட்டையில் செய்த பெரிய சாவி, எலுமிச்சம்பழம், குடும்பப் புகைப்படம் ஆகியவற்றுக்கே நேரம் போய்விடுகிறது. அதைவிட முக்கியம், அன்று கண்டுபிடித்தாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 42ஆம் விதிப்படி, பதிவு செய்யாத வண்டியை டீலர் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கக் கூடாது. ஆகவே நாம் சாவியை வாங்கும்போது கார் ஏற்கெனவே நம் பெயரில் பதிவாகி, இன்ஷூரன்ஸும் போடப்பட்டிருக்கும். வேறு கார் கொடுங்கள் என்று கேட்கும் வலு அதற்குள் போய்விடுகிறது. பார்க்க வேண்டியதைப் பதிவுக்கு முன், ஸ்டாக்யார்டில், சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு பார்த்தால்தான் பயன். அதன் பிறகு இருப்பது புகார் வழி மட்டுமே: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கு மேல், 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

அண்மையில் என் தங்கை கார் வாங்கியபோது இப்படித்தான் செய்தோம். பதிவுக்கு முன் காரைக் காட்டுவது வழக்கமில்லை என்று சேல்ஸ்மேன் தயங்கினார். முழுத் தொகையையும் அதற்குப் பிறகே செலுத்துவோம் என்றதும் மேனேஜர் ஒப்புக்கொண்டார். பேட்டரி 12.2 வோல்ட் காட்டியதால் சார்ஜ் ஏற்றி, மறுநாள் ஓய்வு நிலையில் அளந்து காட்டினார்கள். காரை லிஃப்டில் ஏற்றிக் காட்ட மட்டும் பட்டறையில் இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். அதனால் அண்டர்பாடி கோட்டிங், மட் ஃபிளாப், சீட் கவர் மூன்றும் வேண்டாம் என்று புக்கிங் படிவத்திலேயே எழுதி, அவர்களிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டோம்.