இணையவழியில் சைபர் செக்யூரிட்டி எம்.சி.ஏ.: படித்து முடித்து ஒன்றரை வருஷம் கழித்து

படிக்கும்போதே இதை எழுதியிருந்தால் பாதி வசவாகப் போயிருக்கும். ஒன்றரை வருஷம் ஆறப்போட்டுவிட்டு எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சிஸ்டம் அட்மின். அட்மின் என்று பெயர்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கேட் கேமரா நின்றாலும் என்னைத்தான். பி.எஸ்ஸி. முடித்துப் பதினான்கு வருஷம் கழித்து, 2022 ஜூலையில், ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் இணையவழி எம்.சி.ஏ.வில் சேர்ந்தேன். சைபர் செக்யூரிட்டி சிறப்புப் பாடம், இரண்டு வருஷம், நான்கு செமஸ்டர். பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் ஆனது.

"ஆன்லைன் டிகிரி செல்லுமாங்க?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். செல்லும். அங்கீகாரம் உள்ள நிறுவனம் தரும் இணையவழிப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று யூ.ஜி.சி. 2022 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்த வருஷத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யூ.ஜி.சி. தளத்தில் நீங்களே பாருங்கள். போனில் பேசும் கவுன்சலர் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அவருக்கு அட்மிஷன் கணக்கு முக்கியம். நான் சேர்ந்தபோது இல்லாத ஒன்று, 2024 முதல் யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டெப் ஐடி என்று ஒரு எண்ணை நீங்களே எடுக்க வேண்டும்.

பாட வீடியோக்கள் சுமார். நெட்வொர்க் பாடம் நடத்தியவர் நன்றாக நடத்தினார், அவ்வளவுதான். மற்றவர்களில் பலர் ஸ்லைடைப் படித்தார்கள். தகவல் பாதுகாப்பு மேலாண்மைப் பாடத்தில் ஐ.எஸ்.ஓ. 27001 தரத்தில் 114 கட்டுப்பாடுகள் என்று மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அது 2013 பதிப்பு. 2022 அக்டோபரிலேயே புதுப் பதிப்பு வந்து எண்ணிக்கை 93 ஆகிவிட்டது. நான் அந்தப் பரீட்சை எழுதியது 2023 கடைசியில். 93 என்று எழுதினால் மார்க் போகுமோ என்று பயந்து 114 என்றே எழுதினேன். இன்னும் வெட்கமாக இருக்கிறது.

கணக்குதான் பயமாக இருந்தது, ஆனால் மிகவும் பிடித்துப்போனதும் அதுதான். ஆர்.எஸ்.ஏ. என்ற மறையாக்க முறை 1977இல் வந்தது. வருஷக்கணக்கில் சர்வரில் சாவி உருவாக்கிக்கொண்டுதான் இருந்தேன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஒரு ராத்திரி ஒன்பதாவது படிக்கும் மகளை உட்காரவைத்துக் கையாலேயே போட்டுப் பார்த்தோம். 3, 11 என்று இரண்டு பகா எண்கள். பெருக்கினால் 33. பூட்டும் சாவி 3, திறக்கும் சாவி 7. அனுப்ப வேண்டிய எண் 4. நான்கை மூன்று முறை பெருக்கினால் 64, அதை 33ஆல் வகுத்தால் மீதி 31. இப்போது 31ஐ ஏழு முறை பெருக்க வேண்டும். கால்குலேட்டரை எடுக்கப் போனேன். அவள், "எதுக்கும்மா? 31ங்கறது 33க்கு ரெண்டு குறைவுதானே, மைனஸ் ரெண்டுன்னு வெச்சுக்கோ" என்றாள். மைனஸ் இரண்டின் ஏழாம் அடுக்கு மைனஸ் 128, அதோடு 33இன் நான்கு மடங்கான 132ஐக் கூட்டினால் 4. திரும்பி வந்துவிட்டது! அடுப்பில் பால் பொங்கி வழிந்தது அப்புறம்தான் தெரிந்தது.

லேப் விஷயத்தில் ஏமாற்றம். பிரவுசரிலேயே ஓடும் லேப் என்று விளம்பரத்தில் இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், அதாவது வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் உள்ளே வரும் நேரத்தில், சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு மாதம் புகார் எழுதிவிட்டு விட்டுவிட்டேன். என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான். கம்ப்யூட்டருக்குள்ளேயே வேறு கம்ப்யூட்டர்களை ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதில் தாக்கிப் பார்க்கும் கருவிகளோடு வரும் காளி லினக்ஸ் ஒன்று, தாக்கிப் பழக வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த மெட்டாஸ்ப்ளாய்டபிள் ஒன்று. மெட்டாஸ்ப்ளாய்டபிளில் இருக்கும், கோப்புகளை அனுப்பிப் பெறும் எஃப்.டி.பி. சர்வரின் பழைய பதிப்பில் 2011இல் யாரோ நுழைத்த ஒரு பின்கதவு உண்டு. லாகின் பெயரின் கடைசியில் முக்காற்புள்ளியும் ஒரு அடைப்புக்குறியும், அதாவது ஒரு சிரிப்பு முகம், போட்டால் போதும். 6200ஆம் போர்ட் என்ற நெட்வொர்க் வாசல் திறந்து மொத்த மெஷினும் கைக்கு வந்துவிடும். முதல் தடவை அது திறந்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்த ஓட்டை மெஷினின் நெட்வொர்க் அமைப்பை 'பிரிட்ஜ்' என்று விட்டு, இரண்டு நாள் வீட்டு வைஃபையில் உலவவிட்டிருந்ததை மூன்றாம் நாள்தான் கவனித்தேன். உங்கள் லேப்டாப்பைத் தாண்டி வெளியே போகாதபடி 'ஹோஸ்ட் ஒன்லி' என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள், தயவுசெய்து.

பரீட்சை வீட்டிலிருந்தே, கேமரா கண்காணிப்பில். அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும், மேஜைக்கு அடியில் காட்ட வேண்டும், கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூட வேண்டும். இரண்டாம் செமஸ்டர் பரீட்சை ஆடி மாசத்தில் வந்தது. எங்கள் தெரு முனையில் மாரியம்மன் கோயில். காலை ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கி தொடங்கியது. 'அறையில் வேறு குரல் கேட்கிறது' என்று திரையில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. ஜன்னலைச் சாத்த எழுந்தேன், 'தேர்வர் இடத்தில் இல்லை' என்று இன்னொன்று. அந்தத் தாளின் முடிவை மூன்று வாரம் நிறுத்திவைத்தார்கள். விளக்கக் கடிதத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி என்ற பெயரை எழுதியது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கட்டிய பணத்துக்கு ஈடாகக் கிடைத்தது என்றால் கடைசி செமஸ்டர் புராஜெக்டைத்தான் சொல்வேன். கம்ப்யூட்டர்களில் நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும், சைபர் தாக்குதல் போன்ற சம்பவம் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று, சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. அதை ஒட்டி எங்கள் கம்பெனிக்கே ஒன்று செய்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டேன். "செலவு இல்லைன்னா செஞ்சுக்கம்மா" என்றார். ஓரமாகக் கிடந்த ஒரு டெஸ்க்டாப்பில் வாசு (Wazuh) என்ற இலவசக் கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, எல்லா மெஷின்களின் பதிவுகளையும் அதில் கொண்டுவந்து சேர்த்தேன். முதல் ராத்திரியே நூற்றுக்கணக்கில் தோல்வியடைந்த லாகின். தூக்கம் போய்விட்டது. மறுநாள் தேடிப் பிடித்தால், கைரேகை வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷினின் மென்பொருள், ஆறு மாதம் முன்பு மாற்றிய பாஸ்வேர்டு தெரியாமல், பழையதையே வைத்துக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. எது திருட்டு, எது வீட்டு ஆளே சாவியை மறந்தது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வந்தது. எந்த வீடியோவும் அதைத் தரவில்லை.

சரி, வேலை? எங்கள் பேட்சில் என்னோடு தொடர்பில் இருப்பவர்கள் ஒன்பது பேர். புதிதாக இந்தத் துறைக்குள் போனவர் ஒருவர்தான், பெங்களூரில் சைபர் தாக்குதல் கண்காணிப்பு மையத்தில் ஷிஃப்ட் வேலை. அவரிடமும் இன்டர்வியூவில் பட்டத்தைப் பற்றி ஒரு வரிதான் கேட்டார்களாம். மீதி நேரம் ஒரு பதிவுக் கோப்பைக் கொடுத்து என்ன நடந்திருக்கிறது என்று சொல்லச் சொன்னார்கள். சி.ஐ.எஸ்.எஸ்.பி. போன்ற உயர்நிலை சைபர் செக்யூரிட்டி சான்றிதழுக்கு ஐந்து வருஷ அனுபவம் கேட்பார்கள், படிப்பைக் காட்டினால் அதில் ஒரு வருஷம்தான் கழியும். ஏற்கெனவே கம்ப்யூட்டர் வேலையில் இருந்து, ஒருவர் கழுத்தைப் பிடித்து உட்காரவைத்தால்தான் படிப்பேன் என்பவராக இருந்தால் சேருங்கள். கல்லூரி முடித்த கையோடு முதல் வேலைக்காக என்றால், அந்த ஒன்றே முக்கால் லட்சத்தில் நல்ல ரேம் போட்ட லேப்டாப் ஒன்றும் சான்றிதழ் ஒன்றும் வாங்கலாம்.

போன தையில் ஒரு நாள், அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அண்ணன் வந்தார். "ஜிப் அனுப்பற பார்ட்டி பேங்க் மாத்திட்டாங்களாமுங்க, இன்னிக்கே போட்டுவிட்டரட்டுங்களா?" பதினொரு லட்சம். பழைய கடிதப் போக்குவரத்தின் தொடர்ச்சியாகவே மெயில் வந்திருந்தது. மெயில் எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஹெடரைத் திறந்தேன். மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். சோதனை இரண்டும் பாஸ். ஒரு நிமிடம் ஏமாந்தே போனேன். திருடன் தன் சொந்த டொமைனுக்கு எல்லாம் ஒழுங்காகத்தானே போட்டிருப்பான் என்று அப்புறம்தான் உறைத்தது. எழுத்து எழுத்தாகப் பார்த்தால், ஆங்கில எம் (m) இருக்க வேண்டிய இடத்தில் ஆர் (r), என் (n) இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. டொமைன் பதிவாகி ஒன்பது நாள்தான். பழைய பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டோம். அவர்கள் எந்த பேங்கையும் மாற்றவில்லை.

சம்பளம் ஏறவில்லை. முதலாளி அந்தப் பழைய டெஸ்க்டாப்புக்கு ஒரு யூ.பி.எஸ். வாங்கிக் கொடுத்தார். அக்கவுண்ட்ஸ் அண்ணன் இப்போது பொங்கல் வாழ்த்து மெயில் வந்தால்கூட எனக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு, "இதத் தொறக்கலாமுங்களா?" என்று போனிலும் கேட்கிறார்.