லிங்க்கா, ஃபைலா, சிடியா? விமர்சகருக்கு ஆல்பம் அனுப்பும் வழிகள்

ஒரு ஆல்பத்தைப் பற்றி எழுத உட்காரும் முன் அதை மூன்று நான்கு தடவையாவது கேட்டாக வேண்டும். முதல் தடவை பிடிபடாத பாட்டு, மூன்றாவது தடவையில் மனசில் உட்கார்ந்துகொள்ளும். விமர்சனம் எழுதும் எனக்கு இது அடிக்கடி நடக்கிறது. அதனால் இசைக்குழுக்கள் பாட்டு அனுப்பும் வழிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, திரும்பத் திரும்பக் கேட்க அது வழிவிடுகிறதா என்பதைத்தான்.

மின்னஞ்சலில் பாட்டை இணைத்து அனுப்புவதை உடனே ஒதுக்கிவிடலாம். 320 கேபிபிஎஸ் என்ற உயர்ந்த தரத்தில் ஒரு எம்பி3 ஃபைல் நிமிடத்துக்குச் சுமார் 2.4 எம்பி. 40 நிமிட ஆல்பம் என்றால் 96 எம்பி. ஜிமெயிலில் ஒரு மடலோடு 25 எம்பி வரைதான் இணைக்கலாம்.

உண்மையான போட்டி ஸ்ட்ரீமிங்குக்கும் டவுன்லோடுக்கும் இடையில்தான். சவுண்ட்கிளவுட் என்ற பாட்டு கேட்கும் தளத்தில் பாட்டைப் பொதுவில் வெளியிடாமல், லிங்க் கையில் இருப்பவர் மட்டும் கேட்கும்படி வைக்கலாம். முதல் தடவை கேட்க இதைவிட எளிதான வழி இல்லை. அழுத்தினால் பாட்டு ஓடும், அவ்வளவுதான். ஆனால் லிங்க்கின் ஆயுள் குழுவின் கையில் இருக்கிறது. ஒருமுறை பாதி விமர்சனம் எழுதிவிட்டு, ஒரு வரியைச் சரிபார்க்கத் திரும்பிப் போனால் பக்கமே இல்லை. குழு அதை நீக்கியிருந்தது. அந்தக் கட்டுரையை என்னால் முடிக்கவே முடியவில்லை. இன்றுவரை அது எனக்கு வருத்தம்தான்.

டவுன்லோடு செய்த ஃபைல் அப்படி மறையாது. பயணத்தில் நெட் இல்லாதபோதும் கேட்கலாம். ஆனால் அதை அனுப்பும் விதத்தில்தான் குழுக்கள் கோட்டைவிடுகின்றன. வீட்ரான்ஸ்ஃபர் போன்ற, பெரிய ஃபைல் அனுப்பும் தளங்களின் இலவச லிங்க் சில நாட்களில் காலாவதியாகிவிடும். விமர்சகர் அந்த மடலைத் திறப்பதற்கே அதைவிட அதிக நாள் ஆகலாம். டிராப்பாக்ஸ் ஃபோல்டர் தேவலை, நீங்களாக நீக்கும்வரை இருக்கும். அப்புறம், தரம் முக்கியம் என்று பலர் சுருக்காத வேவ் ஃபைல் அனுப்புகிறார்கள். சிடி தரத்தில் அது நிமிடத்துக்கு 10 எம்பிக்கு மேல் போகும். அது போகட்டும், ஃபைலுக்குள்ளேயே எழுதிவைக்கும் பாட்டு விவரம், அதாவது டேக்தான் பெரிய சிக்கல். வேவில் குழுவின் பெயர், ஆல்பம், பாட்டின் எண் எல்லாம் சரியாக ஒட்டிக்கொண்டு வரும் என்று நம்ப முடியாது. ஒரு மாதம் கழித்து என் கணினியில் 'மாஸ்டர் ஃபைனல் 2' என்று ஒரு ஃபைல் கிடக்கும். யாருடைய பாட்டு என்றே தெரியாது. டேக் முழுமையாக நிரப்பிய 320 கேபிபிஎஸ் எம்பி3 எனக்குத் தாராளமாகப் போதும்.

ஸ்ட்ரீமிங்குக்கும் டவுன்லோடுக்கும் நடுவில், குழுக்கள் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தின் டவுன்லோட் கோட் இருக்கிறது. கணக்குக்குள் நுழைந்து அதைப் பயன்படுத்தினால் ஆல்பம் என் சேகரிப்பில் சேர்ந்துவிடும். அங்கேயே ஸ்ட்ரீம் செய்யலாம், எம்பி3யோ, தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக்கோ வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

சிடி அனுப்பும் குழுக்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. பாடல் வரிகள், யார் எதை வாசித்தார்கள் என்ற விவரம், ஓவியம் எல்லாம் கைக்கு வருகின்றன. ஆனால் பல மடிக்கணினிகளில் இப்போது சிடி டிரைவே கிடையாது. சிடி வேண்டுமா என்று விசாரித்துவிட்டு அனுப்புங்கள், கூடவே டவுன்லோட் கோடும் கொடுங்கள்.

விமர்சகர்களுக்கும் வலைப்பதிவுகளுக்கும் பாட்டு அனுப்ப உதவும் சப்மிட்ஹப் போன்ற கட்டண வழிகள் தனிப் பாட்டுக்குச் சரி. அங்கே நீங்கள் கொடுக்கும் காசு, பாட்டைக் கேட்டுப் பதில் சொல்வதற்கு, பாராட்டுக்கு அல்ல. முழு ஆல்பத்தை ஊறிக் கேட்க வைக்க அது தோதான இடமில்லை.

எதில் அனுப்பினாலும் மடலில் லிங்க் முதல் இரண்டு வரிக்குள் இருக்கட்டும். எந்தப் பாட்டில் தொடங்கலாம், ஆல்பம் எந்தத் தேதியில் வெளியாகிறது, இந்த இரண்டையும் எழுதுங்கள். அந்தத் தேதிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே அனுப்பினால் நான்காவது தடவை கேட்கவும் எனக்கு நேரம் கிடைக்கும்.