பில்லில் இருந்த காம்பர், காரில் இல்லை

சிலாங்கூரில் எங்கள் ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதி வருஷக்கணக்காகிவிட்டது, ஆனால் எங்களுக்கு இது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை. ஆட்டோகிராஸுக்கு (கோன்களுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டும் பந்தயம்) கார் செட் பண்ணத் தெரிந்த ஃபோர்மன், அதாவது மெக்கானிக், ஊருக்குள் கிடையாது, அதனால் நண்பர்கள் சொன்னார்களே என்று ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் வெளியூர் வொர்க்‌ஷாப் ஒன்றில் என் பழைய புரோட்டான் சத்ரியாவை விட்டேன். பெயரை எழுதவில்லை, காரணம் கீழே வருகிறது.

பில் 3,800 ரிங்கிட். ஹை-லோ அப்சார்பர் (காரின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம்) நான்கு 1,800, முன்பக்கத்துக்குப் பில்லோ பால் டாப் மவுண்ட் (அப்சார்பர் தலையைப் பிடிக்கும் பாகம், ரப்பருக்குப் பதில் உலோக உருண்டை, காம்பரை மாற்ற இதுதான்) 450, செமி ஸ்லிக் டயர் (பள்ளம் குறைவு, பிடி அதிகம்) நான்கு 1,400, அலைன்மென்ட் 150. கையில் ஒரு பிரிண்டும் கொடுத்தார்கள்: முன்பக்கம் இரண்டு சக்கரமும் மைனஸ் 2.5 டிகிரி காம்பர், அதாவது சக்கரத்தின் தலை அவ்வளவு உள்ளே சாய்ந்திருக்கிறதாம். "ரெண்டு நாள் ஓட்டுங்க தம்பி, தானா செட் ஆயிடும்" என்றார் தவுக்கே, கடை முதலாளி. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன், வேறென்ன.

முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிட்டது. கோன்களுக்கு நடுவே ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு நேராகத்தான் போகிறது, டயர் கத்துகிறது, நேரம் போன வருஷத்தைவிட மோசம். தங்கச்சி தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அவளிடம் சாக்பீஸ் வாங்கி முன் டயரின் தோள்பட்டையில் கோடு இழுத்து ஓட்டிப் பார்த்தேன் (டயர் எவ்வளவு சாய்கிறது என்று பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை). கோடு பக்கச் சுவர்வரை அழிந்திருந்தது. காற்றை 32-லிருந்து 38 பிஎஸ்ஐ ஆக்கினேன், கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் தன் வெளி விளிம்பில் ஏறி நிற்கும், அதற்காகத்தான் முன்கூட்டியே சக்கரத்தின் தலையை உள்ளே சாய்த்து வைப்பது. 2.5 டிகிரி உண்மையாக இருந்திருந்தால் கோடு இவ்வளவு தூரம் அழிந்திருக்காது.

என் மாமா கொத்தனார். அவருடைய தூக்குக் குண்டை வாங்கி, வாசல் சிமெண்டுத் தரையில், சமதளமா என்று மட்டப்பலகை வைத்துப் பார்த்துவிட்டு, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நூலைத் தொங்கவிட்டேன். என் ரிம்மின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புக்கு 40 சென்டிமீட்டர். 2.5 டிகிரி சாய்வென்றால் நூலுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி மேலே, கீழே இருப்பதைவிட 17 மில்லிமீட்டர் அதிகமாக இருக்க வேண்டும். எனக்கு வந்தது 4. அதாவது அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல். மாமா இரண்டாவது தடவை தானே அளந்துவிட்டு, "சுவரா இருந்தா இது நேரா நிக்குதுன்னே சொல்லலாம்டா" என்றார்.

அப்புறம்தான் பானெட்டைத் திறந்தேன். அப்சார்பர் தலையில் ஒரு கறுப்பு மூடி இருக்குமே, அதை நெம்பி எடுத்தால் உள்ளே கம்பெனி ரப்பர் மவுண்ட், அழுக்குக்கூடத் துடைக்கவில்லை. பில்லோ பாலும் இல்லை, காம்பர் நகர்த்தும் தட்டும் இல்லை. அந்த மவுண்டில் காம்பரை நகர்த்தவே முடியாது, நூல் காட்டியதும் அரை டிகிரிதான், ஆக அந்தப் பிரிண்ட் என் காருடையதே இல்லை. ஹை-லோ மட்டும் புதுசுதான், அதைச் சொல்லிவிட வேண்டும்.

சந்தேகம் வந்த பிறகு எதையும் விடத் தோன்றாது. டயரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் வரிசையில் கடைசி நான்கு இலக்கம்தான் தயாரித்த வாரமும் வருஷமும். அது ஒரு பக்கத்தில்தான் முழுதாக இருக்கும், நான்கு டயரிலும் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தார்கள். படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால் 2318. 2018-ஆம் ஆண்டு, 23-ஆவது வாரம். பார்க்கப் புதுசு, ஆனால் நகத்தால் அழுத்தினால் பதியவே இல்லை. பிடிக்காக மட்டுமே வாங்குகிற டயர் ரப்பர் கெட்டியான பிறகு எதற்கு?

போய்க் கேட்டேன். குரலே உயரவில்லை அவருக்கு. "பையன் மறந்திருப்பான் தம்பி, காரை விட்டுட்டுப் போங்க, நாளைக்கு மாட்டித் தர்றேன்." பக்கத்தில் நின்ற நண்பன் என் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் சாவியைக் கொடுத்திருப்பேன். கொடுத்திருந்தால் மூடிக்குள் இருந்தது மறுநாள் மாறியிருக்கும், என் கையில் வெறும் வாய்ப்பேச்சுதான் மிஞ்சியிருக்கும்.

இப்போது பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் பாரம் 1 நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட்தான், வக்கீல் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரைக்கும் கேட்கலாம். விசாரணைக்குக் காத்திருக்கிறேன், அதனால்தான் கடைப் பெயர் இல்லை.

பில்லில் பில்லோ பால் டாப் மவுண்ட் என்று எழுதி வாங்கி வந்தவர்கள் இன்றைக்கே பானெட்டைத் திறந்து அந்தக் கறுப்பு மூடியைக் கழற்றுங்கள். நடுநட்டைச் சுற்றி ரப்பர் தெரிந்தால், கார் நம்பரும் சேர்ந்து விழுகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். கடைக்குப் போவதெல்லாம் அதற்கு அப்புறம்.