9 வருஷம், 60 வேகன்: மாடல் ரயிலில் பெயின்ட் உரித்த கதை

அலமாரியில் இப்போது 63 வேகன்கள் நிற்கின்றன. எல்லாம் ஹெச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. கம்பெனியில் அடித்த பெயின்டோடு இன்னும் இருப்பவை ஏழோ எட்டோதான். மீதியை எல்லாம் 2016-இலிருந்து நானே உரித்து மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறேன். எதை வைத்து உரித்தேன், உரித்தது இத்தனை வருஷம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

ஏன் உரிக்க வேண்டும்? நான் அயனாவரத்தில், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் சங்கு கேட்டு வளர்ந்தவன். எனக்கு வேண்டியது பழுப்புச் சிவப்பில் எஸ்.ஆர். (தெற்கு ரயில்வே) என்று எழுதிய நம்மூர் கூட்ஸ் வேகன். கையில் கிடைப்பதோ பக்கவாட்டில் சாண்டா ஃபே, யூனியன் பசிபிக் என்று அந்த ஊர் ரயில் கம்பெனிப் பெயரைப் பெரிதாக எழுதிய அமெரிக்க பாக்ஸ்கார், அதாவது மூடிய கூட்ஸ் வேகன். மச்சான் நியூஜெர்சியிலிருந்து வரும்போதெல்லாம் அதேர்ன் என்ற அமெரிக்க மாடல் கம்பெனியின் பழைய வேகன்களைச் சட்டைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவருவார். அளவுக் கணக்கு பொருந்தாது என்று தெரியும். நம் அகலப் பாதை 1676 மி.மீ., ஹெச்ஓ தண்டவாளம் காட்டுவது 1435 மி.மீ. பாதையை. தெரிந்தேதான் செய்கிறேன், அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

முதல் வேகனைக் கொன்றது நான்தான். ஹார்டுவேர் கடையில் பெயின்டர்கள் வாங்கும் சாதா தின்னரைப் பஞ்சில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். எழுத்து வந்தது. கூடவே ரிவெட் வரிசையும் வந்தது. கையில் வெல்லப்பாகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு, பஞ்சின் நார் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொண்டது. இந்த வேகன்களின் உடம்பு பெரும்பாலும் பாலிஸ்டைரீன். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எல்லாமே அதைக் கரைக்கும். நகப் பாலிஷ் ரிமூவரும் அதே ஜாதிதான். அந்த வேகனை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாகப் பெயின்ட் அடித்துப் பார்க்கும் பலகையாக.

அதற்கப்புறம் வந்தது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சுருக்கமாக ஐபிஏ. இன்றுவரை நான் முதலில் எடுப்பது இதைத்தான். கெமிக்கல் கடையில் 99 சதவீதம் என்று கேனில் கிடைக்கும். கொஞ்சம் தண்ணீர் சேர்த்து 90 பக்கம் வைத்துக்கொள்வேன். கையில் தடவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும், வழவழப்புதான் மிஞ்சும்.

சக்கரம், கப்ளிங், உள்ளே இருக்கும் இரும்பு எடை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பயணிகள் பெட்டி என்றால் ஜன்னல் பிளாஸ்டிக்கையும். ஒரு தடவை கழற்றாமல் போட்டு, கண்ணாடியெல்லாம் பூசணம் பூத்த மாதிரி வெளுத்துப்போனது. பிறகு வேகனின் அடிப்பக்கத்தில், யாரும் பார்க்காத ஒரு மூலையில், பட்ஸ் குச்சியால் ஐபிஏவைத் தொட்டு வைத்துப் பத்து நிமிஷம் காத்திருப்பேன். பஞ்சில் நிறம் ஏறினால் இந்த வேகன் நம் வழிக்கு வரும். பிளாஸ்டிக் மங்கினாலோ பிசுபிசுத்தாலோ அதோடு நிறுத்திவிடுவேன்.

ஊறவைப்பது மூடி இறுக்கமான நீள டப்பாவில். அதேர்ன் பழைய வேகன்கள் சில அரை மணியிலேயே சுருங்கத் தொடங்கும். பாலாடை மாதிரி பெயின்ட் சுருக்கம் விழுந்து ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் குழந்தைகளின் மெத்தென்ற டூத் பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்த்தால் தோலாகவே கழன்று வரும். கதவு இடுக்கிலும் ஏணிப் படிக்குப் பின்னாலும் பிரஷ் போகாது. அதற்குப் பல வருஷம் என்னென்னவோ வாங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் நின்றது விளக்குமாற்று ஈர்க்குச்சியில். நுனியைச் சாய்வாகச் சீவினால் எந்த இடுக்கிலும் போகும், பிளாஸ்டிக்கைக் கீறாது.

ஒரு எச்சரிக்கை. ஐபிஏ 12 டிகிரி வெப்பத்திலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவி விடும். சென்னையில் அந்தக் குளிர் எந்த நாளும் கிடையாது. அடுப்பங்கரையில் வேண்டாம், ஊதுபத்தி எரியும் அறையிலும் வேண்டாம். நான் மொட்டைமாடிக் கதவோரம் உட்கார்ந்துதான் செய்வது.

2020-இல் ஐபிஏ கிடைப்பதே குதிரைக்கொம்பானது. அந்த மார்ச்சில் 200 மி.லி. சானிடைசருக்கு 100 ரூபாய்தான் உச்ச விலை என்று அரசு உத்தரவே போட வேண்டியிருந்தது, நான் வேகன் கழுவ எங்கே போய்க் கேட்பது? பிரிட்டன்காரர்கள் டெட்டால் போடுவார்கள் என்று படித்திருந்தேன். வீட்டில் பழைய பாட்டில் ஒன்று இருந்தது. ராத்திரி ஊறப்போட்டேன். காலையில் அம்மா எழுந்து வந்து, "யாருக்குடா அடிபட்டுது?" என்றார்கள். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை.

டெட்டால் வேலை செய்கிறது, சந்தேகமே இல்லை. ஐபிஏ அசைக்காத ஒரு பச்சை பெயின்டை அது இளக்கிவிட்டது. தப்பு பண்ணியது நான். எடுத்த கையோடு குழாய்த் தண்ணீரில் காட்டினேன். இளகிய பெயின்ட் தண்ணீர் பட்டதும் தார் மாதிரி திரண்டு ரிவெட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டது. தேய்க்கத் தேய்க்கப் பரவியது. டூத் பிரஷ் குப்பைக்குப் போனது. சரியான முறை, முதலில் புது டெட்டாலிலேயே தேய்த்து அலசிவிட்டு, பெயின்ட் முழுக்கப் போன பிறகுதான் சோப்புத் தண்ணீருக்குப் போவது. இப்போதும் பிடிவாதமான வேகனுக்கு மட்டும் எடுக்கிறேன். வீட்டில் ஆள் இல்லாத நாளாகப் பார்த்து.

மூன்றாவது, பிரேக் ஆயில். டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால் தருவது டாட் 3 அல்லது டாட் 4, இரண்டுமே கிளைக்கால் வகை. டாட் 5 சிலிக்கோன், அது பெயின்டைத் தொடாது. ஸ்கூட்டரில் ஒரு சொட்டு சிந்தினால் பெயின்ட் பொங்கும் என்பது மெக்கானிக் யாருக்கும் தெரியும், அதே குணம்தான் இங்கே வேலைக்கு ஆகிறது. 2017, 2018-இல் இதில் 11 வேகன்கள் உரித்தேன். அப்போது பார்க்க அருமையாக இருந்தன. விஷயம் பின்னால்தான் தெரிந்தது. நாலு நாள் வரை ஊறிய மூன்று வேகன்களில் ஏணிப் படிகளும் கைப்பிடிகளும் ரெண்டு மூணு வருஷத்தில் மொறுமொறுவென்று ஆகி, தூசி துடைக்கும் துணி பட்டதற்கே உடைந்தன. ஒரே நாளில் எடுத்தவை நன்றாக இருக்கின்றன. இருந்தாலும் எனக்கு அதில் மனசு விட்டுப்போயிற்று. கையுறை இல்லாமல் தொடக்கூடாது, சாக்கடையில் ஊற்றக்கூடாது, வீட்டில் பூனை வேறு இருக்கிறது. மிச்சத்தை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன், பழைய ஆயிலோடு சேர்த்துக்கொண்டார்.

இத்தனையும் முழு உடம்பை உரிப்பதற்கு. எனக்கு இப்போது பாதி வேலை எழுத்தை மட்டும் எடுப்பதுதான். வேகனில் முதலில் உடம்புக்குப் பெயின்ட் ஸ்பிரே ஆகும். எழுத்து அதன் மேல் பேட் பிரின்டிங்கில் விழும். தகட்டில் அரித்த பள்ளத்திலிருக்கும் மையை ஒரு மெத்தென்ற சிலிக்கோன் உருண்டை ஒற்றி எடுத்து வேகன்மேல் ஒற்றும். எழுத்து ரிவெட்மேல்கூட உடையாமல் படிவது அதனால்தான். மைப்படலம் மெல்லியது, அடியிலிருக்கும் பெயின்டைவிட முன்னதாக இளகும். டீக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம்) ஒட்டும்போது போடும் சால்வாசெட் மாதிரித் திரவத்தை எழுத்தின்மேல் வைத்து, காயவிடாமல் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் எழுத்து மட்டும் உருண்டு வரும். அது இல்லையென்றால் 2000 நம்பர் வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டு, விரல் நுனி அளவு துண்டு. அவசரப்பட்டால் ரிவெட் தலை வெள்ளையாக எட்டிப் பார்க்கும்.

மச்சான் ஒரு தடவை ஒரே நம்பர் போட்ட மூன்று வேகன்களைக் கொண்டுவந்தார். கடைசி இலக்கத்தை மட்டும் இரண்டில் எடுத்து வேறு டீக்கல் ஒட்டினேன். எழுத்து போன இடத்தில் கொஞ்சம் அடர்நிறத் தழும்பு தெரிந்தது. அதை மறைக்கவில்லை. நிஜ ரயிலிலும் அப்படித்தான். 1976 ஏப்ரல் 1-இல் அமெரிக்காவில் கான்ரெயில் என்ற புது ரயில் கம்பெனி வந்தபோது, அதில் சேர்ந்த பென் சென்ட்ரல் கம்பெனியின் வேகன்களில் பழைய எழுத்தின்மேல் ஒரு பட்டை பெயின்டை அடித்துப் புது எழுத்தைப் போட்டு ஓட்டினார்கள். அமெரிக்க வேகனாகவே வைத்துக்கொள்பவர்களுக்கு அந்தத் தழும்பு லாபம்தான்.

ஐபிஏவில் உரித்தவை எல்லாம் ஒன்பது வருஷம் ஆகியும் உடையவில்லை, வளையவில்லை. ஆரம்பத்தில் செய்த ரெண்டில் மட்டும் கதவு மூலையில் என் பெயின்ட் பொரிந்து வந்தது. இடுக்கில் சோப்பு தங்கியிருக்க வேண்டும். இப்போது பாத்திரம் கழுவும் லிக்விடில் தேய்த்து, மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி, முழு நாள் காயவிட்டுத்தான் சாம்பல் பிரைமர். சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த உடம்பு என்றால் பிரைமர் இல்லாமல் மேல் நிறம் எப்போதும் அழுக்காகவே தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பிரே அடிப்பதில்லை, வெள்ளைப் பனி படிந்த மாதிரி ஆகிவிடும்.

ஒரே ஒரு மஞ்சள் ரெஃப்ரிஜரேட்டர் கார் மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. ஐபிஏவில் ரெண்டு நாள், டெட்டாலில் ஒரு ராத்திரி, எழுத்து கொஞ்சம் மங்கியதோடு சரி. பெயின்ட் அத்தனை மெல்லியது, ரிவெட் ஒவ்வொன்றும் கூர்மையாகத் தெரிகிறது. போன வாரம் வாட்டர் பேப்பரால் லேசாக ஓட்டிவிட்டு, மேலேயே பிரைமர் அடித்துவிட்டேன்.